பருவநிலை ஓவியம்: பள்ளிப் பிள்ளைகளோடு இறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பருவநிலை மாற்றம் பற்றி ஓர் ஓவியத் திட்டம் நடத்தலாம் என்று பேச்சு எடுத்தவுடன், அடுத்த கேள்வி பெரும்பாலும் "எந்தச் சுவர்?" என்பதுதான். அப்புறம் பெயின்ட், பிரஷ், தேதி, சிறப்பு விருந்தினர் என்று வேலை மளமளவென்று நகர்ந்துவிடும். இந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள், பார்த்துவிட்டு அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மற்ற தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

கேட்காவிட்டால் சுவரில் என்ன வரும் என்பது நமக்குத் தெரிந்ததே. கண்ணீர் வடிக்கும் பூமி, அதன் வாயில் ஒரு தெர்மாமீட்டர், பாதி பச்சையும் பாதி பட்டுப்போனதுமாக ஒரு மரம், கீழே 'பூமியைக் காப்போம்'. அந்தப் பிள்ளை தன் கண்ணால் கண்டது எதுவும் அதில் இருக்காது. கடந்து போகிறவரும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அவர் செய்ய வேண்டியதாக அதில் ஒன்றுமே இல்லையே.

2015-இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டையொட்டி நடந்த கலை நிகழ்வில் 37 படைப்புகளையும் அவற்றைப் பார்த்த 874 பேரையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பேரழிவைக் காட்டிய படைப்புகளைவிட, ஒரு தீர்வை அழகோடு கண்முன் நிறுத்தியவைதான் பார்வையாளர்களை அதிகம் யோசிக்க வைத்தன. ஆனால் 37-இல் அப்படிப்பட்டவை மூன்றே மூன்று. தேர்ந்த கலைஞர்களிடமே இந்த நிலை என்றால், பள்ளிச் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வேறு எப்படித் தொடங்கலாம்? நிழலை எடுத்துக்கொள்வோம். பள்ளி மைதானத்தில் ஒரு மரத்தின் நிழல் விளிம்பைப் பிள்ளைகள் சாக்பீஸால் தரையில் வரைகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து வேறு நிறத்தில் இன்னொரு கோடு. மதியம் நிழலுக்குள் தரையின் வெப்பம் எவ்வளவு, வெயிலில் எவ்வளவு என்று அளந்து, அந்த எண்ணை அங்கேயே எழுதுகிறார்கள். மாலைக்குள் தரை முழுக்க வண்ண வளையங்கள். நாள் முழுவதும் எந்த வளையமும் தொடாத வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று யார் பார்த்தாலும் தெரியும். தலைமை ஆசிரியரையும் பெற்றோரையும் அங்கே கூட்டிவந்து, "எங்களுக்கு இங்கே நிழல் வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்கலாம். யாரிடம் கேட்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பது இரண்டும் இதில் தெளிவு. இது மழையில் அழிந்துவிடும் ஓவியம்தான். ஆனாலும் பத்து வருடம் நிற்கும் பொத்தாம்பொதுவான சுவரோவியத்தைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்த தவறு, பிள்ளைகளைக் கூலியில்லா வண்ணப் பூச்சாளர்களாக நடத்துவது. பெரியவர் ஒருவர் கோட்டுருவம் போட்டுத் தருவார். இவர்கள் கட்டத்துக்குள் வண்ணம் நிரப்புவார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவர் 'திருத்தம்' செய்வார். மறுநாள் காலை தன் கோணல் மீன் நேராக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும் குழந்தை, தன் கை போதாது என்று புரிந்துகொள்கிறது. 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையொன்றில் ரோஜர் ஹார்ட் என்பவர் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். குழந்தைகளைப் பெரியவர்கள் தம் வசதிக்கு ஆட்டுவிப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்றார். நம் திட்டங்களில் பல இரண்டாவது படியில்தான் நிற்கின்றன. எந்தப் பிரச்சினை, யாரிடம் சொல்வது, எங்கே வரைவது என்ற மூன்றையும் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அனுமதி வாங்குவதும் சாரம் கட்டுவதும் பெரியவர்களின் வேலை.

அறிவியல் பிழைகளைப் பலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; எடுத்துக்கொள்ள வேண்டும். ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியே வெயில் வந்து பூமி சூடாவதாக வரைவது இன்றும் நடக்கிறது. ஓசோன் ஓட்டைக்கு முக்கியக் காரணம் குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்பிரேக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள். 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை அவற்றுக்குக் கடிவாளம் போட்டது. இன்றைய வெப்ப உயர்வுக்குப் பெரும் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பது. குப்பை பொறுக்குவதும் நல்ல காரியம்தான். ஆனால் கடற்கரையில் பாட்டில் பொறுக்கினால் புவி குளிர்ந்துவிடும் என்று பிள்ளைகளை நம்பவைப்பது நியாயமில்லை. பென்சில் வரைவு நிலையிலேயே அறிவியல் ஆசிரியர் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். சுவரில் ஏறிய பிறகு திருத்தச் சொன்னால் யாருக்கும் மனசு வராது.

உண்மையான தரவையே ஓவியமாக்கவும் வழி இருக்கிறது. 2018-இல் பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் உருவாக்கிய வெப்பப் பட்டைகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கோடு. குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. எண்ணோ எழுத்தோ கிடையாது. ஆளுக்கு ஓர் ஆண்டு என்று பிரித்துக்கொடுத்து, ஒவ்வொருவரும் ஒரு பட்டையைத் தீட்டட்டும். பிறகு தான் பிறந்த ஆண்டு, அம்மா பிறந்த ஆண்டு, தாத்தா பிறந்த ஆண்டு எந்த நிறத்தில் இருக்கிறது என்று அவர்களே தேடிப் பார்க்கட்டும். அந்தத் தேடலில் எழும் கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், பருவநிலை பற்றிப் படித்துவிட்டுப் பெற்றோரைப் பேட்டி கண்ட பிள்ளைகளால் பெற்றோரின் அக்கறையும் கூடியது தெரிந்தது. அப்பாக்களிடம் அந்த மாற்றம் குறிப்பாக அதிகம்.

பயமுறுத்துவது தனியாகச் சொல்ல வேண்டிய தவறு. 2021-இல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில் 59 சதவீதத்தினர் பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். இந்தக் கவலை ஏற்கெனவே வகுப்பறைக்குள்ளும் இருக்கலாம். "உங்கள் வீடு வெள்ளத்தில் மூழ்குவது போல வரையுங்கள்" என்று பத்து வயதுக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். நிஜமாகவே வீடு மூழ்கிப்போன பிள்ளை அதே வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். தானாகவே ஒரு குழந்தை இருட்டான படம் வரைந்தால் அதைத் தள்ளவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நினைத்து வரைந்தாய் என்று கேட்டு, முழுதாகக் காதுகொடுங்கள்.

பொருள்கள் விஷயத்தில் சுருக்கமாக: தெர்மாகோலும் ஃபிளெக்ஸும் ஜிகினாத் தூளும் இந்தத் திட்டத்தில் வேண்டாம். பிளாஸ்டிக் ஜிகினாத் தூளின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தடைகளைக் கொண்டுவந்தது. அக்ரிலிக் பெயின்ட்டும் ஒரு பிளாஸ்டிக்தான் என்பது பலருக்குத் தெரியாது. பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால், பிரஷ்ஷை முதலில் பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்ற போட்டியும் வேண்டாம். கூடிச் செய்ய வந்த முப்பது பேரில் இருபத்தேழு பேரைத் தோற்றவர்களாக வீட்டுக்கு அனுப்புவது எதற்காக?

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ஆம் தேதி காலை தொடங்கி மதியம் போட்டோ எடுத்துக்கொண்டு முடிப்பதும் பரவலான பழக்கம். 1982-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர் 7,000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் குவித்துவைத்து, ஒரு மரம் நட்டால்தான் ஒரு கல்லை எடுத்து அந்த மரத்தருகே நடலாம் என்று வைத்தார். குவியல் குறையக் குறைய வேலை நடப்பது ஊருக்கே தெரிந்தது. 1986-இல் அவர் இறந்தார். கடைசி மரம் 1987-இல் நடப்பட்டது. பள்ளி அளவில் இதையே செய்யலாம்: ஓவியத்தில் சில இடங்களை வெறுமையாக விட்டு, பிள்ளைகள் கேட்டவற்றில் ஒன்று நிறைவேறும்போதெல்லாம் ஓர் இடத்துக்கு வண்ணம் தீட்டலாம்.

போட்டோ எடுப்பதற்குப் பெற்றோரிடம் மட்டுமல்ல, பிள்ளையிடமும் கேளுங்கள். முகமும் பெயரும் பள்ளியும் ஒரே பதிவில் வெளியாக வேண்டாம்.

நிழல் கேட்டார்கள் அல்லவா? அதற்குப் பதில் எப்போது வரும் என்று அன்றே ஒரு தேதி வாங்கிவிடுங்கள். அந்தத் தேதியில், முடியாது என்பதே பதிலாக இருந்தாலும், முடிவெடுத்தவரே வந்து பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லட்டும். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று அவர்கள் பேசி முடிவெடுக்க ஒரு வகுப்பு நேரத்தையும் ஒதுக்கிவையுங்கள்.