கீமோ எடுத்தவர்கள் இதய விஷயத்தில் செய்யும் தவறுகள்

கோபிக்காரர் ஒருவர் கீமோவைக் கோவையில் எடுத்திருப்பார். சில வருடம் கழித்து மூச்சு வாங்கினால் ஈரோட்டில் இருதய டாக்டரைப் பார்ப்பார். பிபி, சுகர் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதைச் சொல்லமாட்டார், அதுதான் குணமாகிவிட்டதே! நம் பக்கத்தில் முதலில் திருத்த வேண்டிய தவறு இதுதான்.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து இதயத் தசையைத் தளர்த்தக்கூடியது. மொத்தமாக எவ்வளவு ஏறியதோ, அதற்கேற்ப ஆபத்தும் கூடும். பாதிப்பு பல வருடம் கழித்தும் தலைகாட்டும். நோய் திரும்பி வந்தால் பழைய அளவையும் சேர்த்தே கணக்குப் பார்ப்பார்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் என்பதுதான் வழக்கமாக வாழ்நாள் முழுமைக்குமான வரம்பு. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரும் மொத்த அளவும் இல்லாவிட்டால், கேட்டு எழுதி வாங்குங்கள். இடது மார்பில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தவர்களும் அந்தக் காகிதத்தைத் தூக்கிப்போடக் கூடாது. இதய ரத்தக்குழாய் அடைப்பு பத்து, இருபது வருடம் கழித்தும் வரலாம்.

எக்கோ என்ற இதய ஸ்கேனை வீண்செலவு என்று தள்ளிப்போடுவது அடுத்தது. கீமோ தொடங்கும் முன் எடுத்த எக்கோ இல்லாவிட்டால் பின்னால் எடுப்பதற்குப் பாதி மதிப்புதான். இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 53 சதவீதம் என்று வந்தால் பரவாயில்லை என்று தோன்றும். முன்பு 66 இருந்தது தெரிந்தால்தான் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். சிலவகை மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பது வழக்கம். அளவு இறங்கினால் ஊசியைச் சிறிது காலம் நிறுத்தி இதய மாத்திரை கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு மீண்டும் ஏறிவிடும். இதயத்துக்குப் பயந்து புற்றுநோய் மருத்துவத்தையே கைவிடுவது இதைவிடப் பெரிய தவறு.

படியேறினால் இளைப்பு, படுத்தால் மூச்சுத் திணறல், மாலையில் கால் வீக்கம், மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது: இவற்றைச் 'சத்துக் குறைவு' என்று வீட்டிலேயே முடிவு கட்டி, தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறோம். நாக்குக்கு ருசி இல்லையே என்று ஊறுகாயும் அப்பளமும் வேறு. அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் தளர்ந்த இதயத்துக்கு உப்பு ஆகாது, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். எடையை எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுவது சூப்பைவிடப் பயன்படும்.

பிபி மாத்திரையை 'கீமோவோடு சேராது' என்று தாமாக நிறுத்துகிறவர்களும் உண்டு. எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கேப்சைட்டபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நெஞ்சு இறுக்கினால் வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. அதே வகையான 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஏற்றும்போதும் அப்படித்தான். இந்த மருந்துகள் இதய ரத்தக்குழாயைச் சுருங்கச் செய்யலாம், பெரும்பாலும் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே. அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் 108-ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம் மருந்து அட்டையைக் காட்டுங்கள்.