குழிக்குள் இறங்கும் முன்: கப்பலில் கற்ற முறை

நான் குடியாத்தத்துக்காரன். 22 வருஷம் எண்ணெய்க் கப்பல்களில் பம்ப்மேன் வேலை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிற தம்பிகளுக்கும், கப்பலேறப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை நங்கூரச் சங்கிலி அறைக்குள் இறங்கிய கூட்டாளி ஏணியிலேயே சரிந்தான். அங்கே விஷவாயு இல்லை. மூடிக்கிடந்த அறையில் இரும்பு துருப்பிடித்துத் துருப்பிடித்தே ஆக்சிஜனைத் தின்றிருந்தது. தூக்கப் போன இன்னொருவனும் எழவில்லை. மூன்றாவதாக நான் கால் வைத்தபோது சீஃப் ஆபீசர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

டைட்டானிக் மூழ்கியபின் 1914-இல் உருவான சோலாஸ் என்ற கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இதற்கும் இப்போது விதி இருக்கிறது. 2015 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப்பட்ட அறையிலிருந்து ஆளை மீட்கும் ஒத்திகை கட்டாயம். 2016 ஜூலை முதல் காற்றைச் சோதிக்கும் மீட்டரும் கட்டாயம்.

முதலில் மூடியைத் திறந்து, வெளிக்காற்றை உள்ளே ஊதும் பிளோயரை ஓட்டுங்கள். பிறகு மீட்டரின் குழாயை இறக்கி மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்திலும் பாருங்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டணும். கொஞ்சம் குறைந்தாலும் இறங்காதீர்கள். அந்த இடத்தில் வேறு ஏதோ வாயு புகுந்திருக்கலாம்.

டேனரியில் முடி நீக்கப் போடுகிற சோடியம் சல்பைடு, அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் வரும். அளவு ஏறினால் மூக்கு மரத்து எதுவும் தெரியாது. நாற்றம் போயிடுச்சு என்று நம்பி இறங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். கிணற்றில் இறக்குவது போல விளக்கை இறக்கிப் பார்க்கவே கூடாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். முகத்தில் கட்டும் ஈரத்துண்டாலும் பயனில்லை.

செப்டிக் டேங்க் என்றால் இறங்கவே வேண்டாம், கழிவை உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 சட்டமே தடுக்கிறது.

இறங்குகிறவர் உடம்பில் பெல்ட்டும் கயிறும் இருக்கணும். வாசலில் ஒருவர் நகராமல் நிற்கணும். உள்ளே ஆள் விழுந்தால் அவர் சத்தம் போடணும், கயிற்றை இழுக்கணும், 101-ஐக் கூப்பிடணும். காப்பாற்றுவதற்காகக்கூட அவர் காற்று சிலிண்டர் மாட்டாமல் இறங்கக் கூடாது. வாசலில் இறங்குகிறவரின் அண்ணனையோ தம்பியையோ நிறுத்தாதீர்கள். அவரால் மேலே நிற்க முடியாது.

வேலைக்கு முன்னால் 60 கிலோ மணல் மூட்டையைப் பெல்ட்டில் கட்டி இறக்கி, இழுத்துப் பாருங்கள். எத்தனை பேர் வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.