கே.எல். – பினாங்கு: விமானமா, ரயிலா?

கோலாலம்பூருக்கு (கே.எல்.) புதிதாக வந்தவர்கள் முதல் நீண்ட விடுமுறையில் கிளம்ப நினைப்பது பெரும்பாலும் பினாங்குக்குத்தான். டிக்கெட் தேடினால் விமானத்துக்கு ஒரு மணி நேரம், ரயிலுக்கு நாலு மணிக்கும் மேல் என்று காட்டும். அதை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்களோ அதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

வான்வழித் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், சாலை வழியே 350 வரும். விமானம் வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். ஆனால் பெரிய விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. இருப்பது சிப்பாங்கில், நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால். நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் விரைவு ரயில் ஏறினால் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாவதுக்கு 33. ஏர் ஏசியா என்றால் இரண்டாவது முனையம். முனையம் மாறிப் போய் நின்றால் அரை மணி வீண். பினாங்கில் விமானம் இறங்கும் பாயான் லெப்பாசிலிருந்து பினாங்கின் நகரமான ஜார்ஜ்டவுன் இன்னும் 16 கிலோமீட்டர். முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், வீட்டு வாசலிலிருந்து நாலு மணி நேரம் ஆகிவிடும்.

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இ.டி.எஸ். என்ற விரைவு மின்சார ரயில்தான். கே.எல். சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் நாலேகால் மணி நேரம் அளவில். நிலையத்திலிருந்து நடந்தே ஃபெர்ரித் துறைக்குப் போய்விடலாம். கால்மணி நேரத்தில் கடலைக் கடந்து இறங்கினால், லிட்டில் இந்தியாவும் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரம். விமானத்தைவிட ஒரு மணி கூடலாம், ஆனால் ஊரின் நடுவிலேயே கொண்டுபோய் விடுகிறது. பிள்ளைகளுக்கும் ஃபெர்ரி பிடிக்கும். ராத்திரி முழுதும் அது ஓடாது. கடைசி ரயிலில் போகிறவர்கள் பாலம் வழியாக கிராப் கார் (செயலியில் அழைக்கும் டாக்சி) பிடிக்க வேண்டியிருக்கும்.

பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் பக்கம் வீடு என்றால் சுபாங் விமான நிலையத்தைப் பாருங்கள். அங்கிருந்தும் பினாங்குக்கு விமானம் உண்டு, சிப்பாங் வரை அலைய வேண்டியதில்லை.

பஸ், கே.எல்.-இன் தெற்கில் உள்ள டி.பி.எஸ். பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும், சுமார் ஐந்து மணி நேரம். சுங்கை நிபோங் என்று போட்டிருந்தால் தீவுக்குள் இறக்கும். பட்டர்வொர்த் என்றால் இக்கரையிலேயே இறக்கிவிடும்.

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களும் தீபாவளிக்குப் போகிறவர்களும் ரயில் டிக்கெட்டை விற்பனை திறந்தவுடன் எடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கிடைக்காது. நெடுஞ்சாலையும் அன்று நகராது. உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். வெளிநாட்டவர் விமானத்தில் ஏற அது கட்டாயம் வேண்டும்.

சென்னையிலிருந்து அப்பா அம்மா கே.எல். வழியாகப் பினாங்குக்கு வருகிறார்களா? அவர்களுக்கு விமானமே நல்லது; ஏற்கெனவே நிலையத்தில்தானே இருப்பார்கள். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால், குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். இந்திய நேரத்தைவிட இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் என்பதையும் முன்பே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.