பழைய கான்டெஸாவை டிராக் ஸ்ட்ரிப்பில் வழுக்காமல் கிளப்புவது எப்படி?

அல்சூர், சிவாஜிநகர் பக்கம் இன்னும் கான்டெஸாவை ஆசையாக வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிராக் ரேஸ் எனப்படும் 402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டத்தில் முதல் 18 மீட்டர்தான் முக்கியம். அங்கே விட்ட நேரத்தை அப்புறம் பிடிக்கவே முடியாது.

முதலில் கார்புரேட்டர். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால், சென்னையில் டியூன் செய்த வண்டிக்கு இங்கே பெட்ரோல் அதிகமாகப் போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டும்.

அடுத்து டயர். பின் டயர்களில் மட்டும் காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட மூன்று நான்கு பிஎஸ்ஐ குறையுங்கள். ஸ்டார்ட்டிங் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அது ரேஸ் டயர்களுக்கு. சாதாரண டயர் என்றால் அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் டயரின் பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் கோடு வரை கூடவே வரும்.

ஸ்டார்ட்டிங் கோட்டருகே உள்ள விளக்குக் கம்பத்தின் உச்சியில் இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். இரண்டாவது எரிந்த நொடியே நிறுத்துங்கள். முன் சக்கரம் கோட்டின் குறுக்கே செல்லும் ஒளிக்கற்றையைத் தாண்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதனால் பச்சைக்குப் பிறகு தாமதமாகக் கிளம்பினாலும் உங்கள் ஓட்ட நேரம் கெடாது. புதியவர்கள் பதற வேண்டியதே இல்லை.

இப்போது கிளட்ச். எல்லோரும் எத்தனை ஆர்பிஎம் என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இடது கால்தான் எல்லாம். 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு, கிளட்ச் கவ்வும் இடம் வரை பெடலை விடுங்கள். வண்டி லேசாக முன்னால் இழுக்கும், பின்பக்கம் சற்றே அமரும். பச்சை விழுந்ததும் மிச்சத்தை ஒரு நொடி எடுத்து விடுங்கள். அதே நேரத்தில் வலது கால் முழுவதும் இறங்க வேண்டும். டயர் சின்னதாகக் கீச்சிட்டால் நல்லது. தொடர்ந்து அலறினால் வழுக்குகிறது, ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் தளர்த்துங்கள். பின் ஆக்சில் தடதடவெனக் குதித்தால் உடனே காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தால், இந்த வண்டிக்கு மாற்று கிடைப்பது லேசான காரியமில்லை.

என்ஜின் திணறினால் அடுத்த முறை 200 ஆர்பிஎம் கூட்டுங்கள், வழுக்கினால் குறையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டில் 60 அடிக்கான, அதாவது அந்த முதல் 18 மீட்டருக்கான எண்ணைக் குறித்து வையுங்கள்.

பொதுச் சாலையான நைஸ் ரோட்டில் பழகிப் பார்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். கிளட்ச் கருகிய வாடை வந்தால் மறுபடி வரிசையில் நிற்காமல், வண்டியை ஓரங்கட்டி நன்றாக ஆறவிடுங்கள்.