கை மரத்துப்போகிறதா? எந்த விரல் என்று முதலில் பாருங்கள்

நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. நாலு உதறு உதறினால் சரியாகிவிடுகிறது. பலரும் இதை 'ரத்த ஓட்டம் குறைவு', 'வாயு' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே நசுங்குவது பெரும்பாலும் நரம்பு. மணிக்கட்டின் உள்பக்கத்தில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நரம்புக்கு இடமில்லை. இதுதான் கார்பல் டனல் சிண்ட்ரோம்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி: இவ்வளவுதான் இந்த நரம்பின் எல்லை. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. இதைக் கவனிக்காமல், 'கழுத்து எலும்பு தேய்மானம்' என்று தாங்களே முடிவு செய்து காலர் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

இன்னொரு தவறு, பழியை எல்லாம் கம்ப்யூட்டர் மேல் போடுவது. தட்டச்சுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. அதிரும் இயந்திரங்களைப் பிடிப்பது, அழுத்திப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை ஆகியவற்றுக்குச் சான்று அதிகம். அப்புறம் சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், மணிக்கட்டில் பழைய முறிவு. கர்ப்ப காலத்திலும் வரும். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தணிந்துவிடும். புது மவுஸ் வாங்குவதற்கு முன் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டாதீர்கள். மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட்டை இரவில் போட வேண்டும், சில வாரங்களாவது விடாமல். ரப்பர் பந்தை அமுக்கும் பயிற்சி வேண்டாம், அழுத்தம்தான் கூடும். 'நரம்புச் சத்து' மாத்திரை நசுங்கிய நரம்பை விடுவிக்காது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. சிலருக்கு நாளடைவில் வலி குறையும். குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் நரம்பு உணர்வை இழந்துகொண்டிருக்கலாம். சட்டைப் பொத்தான் போட வராது, டம்ளர் கை நழுவும். நார்ப்பட்டையை வெட்டி விடும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துச் செய்வது. அன்றே வீடு திரும்பலாம். ஆனால் தசை கரைந்த பிறகு செய்தால் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதை ஒரு கையில் மட்டும் தட்டையாகியிருந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து, நரம்பு வழியாக மின்சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.