குறட்டை நிற்கும் நொடிகளை எண்ணுங்கள்

என் வீட்டுக்காரருக்கு 51 வயதில் இடது கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. நீண்ட பயணம் போகவில்லை, அடிபடவில்லை, ஆபரேஷனும் இல்லை. ஆனால் மூன்று பிபி மாத்திரை போட்டும் மேல் எண் 150க்குக் கீழே இறங்கவில்லை. அவரிடம் கேட்டு முடித்த டாக்டர் என் பக்கம் திரும்பினார்: "தூக்கத்துல குறட்டை விடுவாராம்மா? நடுவுல நின்னு நின்னு வருமா?" இருபது வருஷத்துக்கு மேலாக அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவள் நான். அதனால் பக்கத்தில் படுப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் இந்த நோய்க்கு ஸ்லீப் ஏப்னியா என்று பெயர். தூங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

சத்தத்தை விட்டுவிடுங்கள், அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், மூக்கில் காற்று வராது. அப்புறம் திணறி ஒரு மூச்சு, புரண்டு படுத்து மறுபடி குறட்டை. 10 நொடியோ அதற்கு மேலோ நின்றால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு நான் போனில் அரை மணி நேரம் வீடியோ எடுத்தேன். அதில் ஒரு இடைவெளி 38 நொடி. டாக்டருக்கு அந்த வீடியோ நூறு வார்த்தைக்கு மேல் உதவியது. காலையில் தலைவலி, ராத்திரி இரண்டு மூன்று முறை பாத்ரூம், பேப்பர் படிக்கும்போதே கண் சொருகுவது, இவற்றையும் சொல்லுங்கள். கழுத்தை டேப்பால் அளந்து பாருங்கள். 40 செ.மீ. தாண்டினால் சந்தேகம் கூடும். ஒல்லியானவர்களுக்கு வராது என்று நினைக்க வேண்டாம், தாடை சிறுத்து உள்வாங்கி இருந்தால் அவர்களுக்கும் வரும்.

மூச்சு நிற்பதற்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம்? இதை நான் டாக்டரிடம் மூன்று தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்று வழி மூடுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது, பிபி எகிறுகிறது, வழி திறக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூடுகிறது. இப்படி ராத்திரி முழுக்க நடந்தால் ரத்தக் குழாயின் உள்சுவர் புண்படுகிறது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. உறைவுக்கு வலை பின்னும் ஃபைப்ரினோஜன் கூடுகிறது. உறைந்ததைக் கரைக்கும் வேலையைத் தடுக்கும் பொருளும் கூடுகிறது. ஆக, உறைவது சுலபம், கரைவது தாமதம். தூக்கத்தில் இயல்பாகக் குறைய வேண்டிய பிபியும் குறைவதில்லை. இதயத் துடிப்பு தாறுமாறாகி, இதயத்துக்குள்ளேயே ரத்தம் தேங்கி உறைந்து, பக்கவாதம் வரை போகலாம்.

இதயக் கோளாறால் வரும் திடீர் மரணங்கள் பொதுவாகக் காலை நேரத்தில்தான் அதிகம். இந்த நோய் உள்ளவர்களிடம் அது நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் இடையே குவிவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு 2005ல் காட்டியது. அதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்தது ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் பரிசோதனை. சிலருக்கு வீட்டிலேயே கருவி மாட்டிச் செய்துவிடலாம். ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. என்ற எண், மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது. 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இவருக்கு 44. அதோடு நிறுத்தாமல், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு கீழே போனது, 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் இருந்தது என்றும் கேளுங்கள். இவருக்கு 71 வரை இறங்கியிருந்தது.

கடுமையாக இருந்தால் சிபாப் மெஷின். சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981ல் வெளியிட்ட முறை இது: மாஸ்க் வழியாக வரும் காற்றழுத்தம் தொண்டையை மூட விடாமல் பிடித்து நிறுத்தும். முதல் இரண்டு வாரம் இவர் நடுராத்திரியில் கழற்றி எறிந்தார். சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகிய பிறகுதான் சரியானது. மாஸ்க்கில் காற்று கசிந்தால் அளவு மாற்றச் சொல்லுங்கள். தினமும் கழுவுங்கள். கரண்ட் போகும் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு அவசியம்.

2016ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 2,700க்கு மேற்பட்ட இதய, பக்கவாத நோயாளிகளிடம் மெஷினால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். அதனால் இரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பு. தூங்கும் நேரம் முழுக்க மாஸ்க் இருக்க வேண்டும். மெஷின் வந்துவிட்டதென்று பிபி மாத்திரையையோ, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையோ தானாக நிறுத்தக் கூடாது.

ராத்திரிக் குடியும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும். ஒருக்களித்துப் படுத்தால் பலருக்கு நன்றாக இருக்கும், எடை குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ உடனே 108. எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த நோயை முன்கூட்டியே சொல்லி, மெஷினையும் கையோடு கொண்டு போங்கள்.