உடைமை வழக்கு மேன்முறையீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஞ்சாவோ ஹெரோயினோ உடைமையில் வைத்திருந்ததாகத் தீர்ப்பானதும், "பொலிஸ் பொய்வழக்குப் போட்டது" என்ற ஒற்றை வரியோடு சட்டத்தரணியிடம் ஓடுவதுதான் எங்கள் வழக்கம். அதற்குள் நாள் போய்விடும். அவகாசம் 14 நாட்கள்தான். நீதவான் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடு யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். மேல் நீதிமன்றத் தீர்ப்பென்றால் கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடமே எழுத்தில் கொடுக்கலாம்.

பெரிய பிழை, "சான்று போதாது" என்பதையும் "பாதகமான சான்றை (ஏற்கக் கூடாததை) ஏற்றுவிட்டார்கள்" என்பதையும் ஒன்றாகக் குழைப்பது. முதலாவது எடுபட்டால் விடுதலை. இரண்டாவது எடுபட்டாலும் மீள்விளக்கத்துக்கு (வழக்கைத் திரும்ப விசாரிக்க) அனுப்ப இடமுண்டு. மிகுதிச் சான்றே போதுமென்று நீதிமன்றம் கருதினால் தீர்ப்பு அப்படியே நிற்கவும் கூடும். ஆகவே போதாமையை முன்னுக்கு வையுங்கள்.

எது போதாது என்றும் சொல்ல வேண்டும். பொதி வளவுக்குள் கிடந்தது என்பதால் மட்டும் அது உடைமையாகாது. எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, அது தெரிந்திருந்ததா, அவர் கட்டுப்பாட்டில் இருந்ததா? நாலு குடும்பம் புழங்கும் வளவில், கோழிக்கூட்டுக்குப் பின்னால் எடுத்த பொதியென்றால் வழக்கே அந்தக் கேள்விதான். அடுத்தது பொதியின் பயணம்: நிறுத்து முத்திரை வைத்ததிலிருந்து அரச பகுப்பாய்வாளரிடம் சேரும்வரை யார் கையில் இருந்தது, நிறையும் முத்திரையும் ஒத்துப்போகின்றனவா என்று பக்க எண்ணோடு காட்டுங்கள். "ஒரு சாட்சிதானே" என்ற வாதம் வீண். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சாட்சிகளின் தலையை எண்ணுவதில்லை.

பாதகமான சான்றென்றால், "இவர் பழைய வியாபாரி" என்று பொலிஸ் சாட்சி கூண்டில் சொல்வது, பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் (25ஆம் பிரிவு தடுக்கிறது), 27ஆம் பிரிவின் பெயரில் பொருளைக் கண்டெடுக்க உதவிய பகுதியோடு முழு வாக்குமூலத்தையும் நுழைப்பது. ஆனால் இவ்வழக்குகளைப் பெரும்பாலும் யூரியின்றி நீதிபதியே விசாரிக்கிறார். "நீதிபதி அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்" என்பதுதான் அரச தரப்பின் ஆயத்தப் பதில். தீர்ப்பின் எந்த வரியில் அது வேலை செய்தது என்று விரல் வைத்துக் காட்டாவிட்டால் அந்தப் பதில் வென்றுவிடும்.

வழக்கு விளக்கத்திலேயே (விசாரணையிலேயே) நடக்கும் கோளாறு ஒன்று. விதானையாரையோ வாத்தியாரையோ கூப்பிட்டு "தங்கமான பெடியன்" என்று சொல்லவைப்பார்கள். 54ஆம் பிரிவின்படி கதவைத் திறப்பது அதுதான். பிறகு பழைய தண்டனைகளை அரச தரப்பு தாராளமாக எடுத்துவைக்கலாம். நாங்களே திறந்த கதவால் வந்த சான்றைப் பாதகமானதென்று புதுக்கடையில் முறையிட்டால் எடுபடாது.